அமைதி எந்தப் பக்கம்

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்க நினைக்கிறவர்கள் விடுமுறையில் ஒரு தடவையும் வகுப்பு நடக்கும்போது ஒரு தடவையும் போய்ப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். இருந்தும் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஆகஸ்டில் ஓய்வு. அதற்குள் மில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அது பல்கலைக்கழகம் ஆனது பிற்பாடு. கல்லூரி பஸ் நிற்கும் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அம்மா சரி சொல்லாமல் வாங்குவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

மே மாதம் மூவரும் போனோம். நோட்டில் நடுவே கோடு கிழித்துக்கொண்டேன். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது. போர்வெல்லில் தண்ணீர் உண்டு, நல்லது. உப்புத் தண்ணீர், கெட்டது. மடவார் வளாகம் கோயில் நடக்கிற தூரம், நல்லது. அடுப்படியில் சாயங்கால வெயில், கெட்டது. எதிர்வீட்டு மாடிகளில் மாணவர்கள் குடியிருப்பது தெரியும். ஆனால் பார்த்ததை மட்டும் எழுதுவது லேப் பழக்கம். தெருவில் ஈ காக்கா இல்லை. 'அமைதி' என்று இடது பக்கம் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அம்மா கூடத்தில் செத்த நேரம் நின்றாள்.

"ஏட்டி, இங்க மனுஷங்க இருக்காகளா? காது அடைச்ச மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்."

"மில்லுச் சத்தத்துல தலை இடிக்குன்னு இத்தனை வருஷமாச் சொன்னது நீதானம்மா?"

"சொன்னேன். அதுக்கு?"

"உங்க அம்மாவுக்கு மில்லையே பேத்து வாசல்ல கொண்டாந்து வைக்கணும்" என்றார் அப்பா.

வேறு வீடு அமையவில்லை. ஜூலையில் மறுபடி அங்கேயே போனோம். எதிர்மாடிக் கைப்பிடிச் சுவரெல்லாம் சட்டை காய்ந்தது. ஒரு அறையில் டேப்ரிக்கார்டர். வாளிக்கு இரண்டு பேர் சண்டை. ஒருவன் பரீட்சைக்குக் கத்திக் கத்திப் படித்துக்கொண்டிருந்தான். 'சத்தம்' என்று வலது பக்கம் எழுதினேன். அதற்கும் அடிக்கோடு.

அம்மா ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

"அந்தப் பய ஒரே வரிய அஞ்சு தடவ அஞ்சு விதமாச் சொல்லுதான். எங்க பாஸாகப் போறான்?" பிறகு அப்பாவிடம் திரும்பி, "பால் காய்ச்ச நாள் பாருங்க" என்றாள்.

"அன்னைக்கவிட இன்னைக்கு மோசம்மா."

"மோசந்தான். தலை இடிக்கு."

திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டு சொல்லையும் இடம் மாற்றினால் சரியாகிவிடுமா? தலை இடிக்கிறது என்கிறாளே, அதை எந்தப் பக்கம் எழுதுவது? ராஜபாளையம் வரும்வரை பிடிபடவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

அடுத்த மே மாதம் எதிர்மாடிக்காரர்கள் பெட்டியோடு இறங்கியபோது அம்மா வாசலில் நின்றாள்.

"எப்பப்பா திரும்பி வாரீக?"

"ஜூலைல, ஆன்ட்டி."

"அம்புட்டு நாளா? சீக்கிரம் வாங்க. வந்து செத்த மெதுவாப் பேசுங்க."