பனிமலை விபத்தில் எனக்குக் கிடைத்த கதாநாயக வேடம்

பட்டாளத்தில் இருந்தபோது எங்கள் மலையேற்றக் குழுவுக்கு நேர்ந்த பனிமலை விபத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள். அதில் நான் ஆறடி உயரம். அடிவார முகாமில் வயர்லெஸ் செட்டைப் பிடித்துக்கொண்டு, குழுத் தலைவரை விட்டுவிட்டு வராதே என்று கதறி அழுகிறேன். ராணுவ சிக்னல் பிரிவில் இருந்தவரை நான் செட்டில் அழுததே இல்லை. அழுதால் எதிர்முனையில் இருப்பவருக்குச் செய்தி புரியாது. திருப்பிச் சொல்லச் சொல்வார்.

என்னை அழகாக்கிய செலவை ஆரோக்கியசாமியின் தலையில் கட்டியிருந்தார்கள். என்னோடு பட்டாளத்தில் இருந்தவர். இப்போது கீரனூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். படத்தில் அவர், கால் முறிந்த குழுத் தலைவரைப் பனியில் விட்டுவிட்டு, என் கெஞ்சலைக் கேட்கப் பிடிக்காமல் செட்டை அணைத்துவிட்டு இறங்குகிறார். படம் வந்த வாரமே, அவரிடம் வண்டி பழகப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த சிலர் நிறுத்திக்கொண்டார்கள். கூட வந்தவரை விட்டுவிட்டு ஓடுகிறவரை நம்பி எப்படி அனுப்புவது?

புதுக்கோட்டைத் தியேட்டர் ஒன்றில் படம் முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இயக்குநரும் வந்திருந்தார். ஆரோக்கியசாமியை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். கேள்வி நேரத்தில் கீரனூர்க்காரர் ஒருவர் எழுந்தார். மகளை நிறுத்திக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.

"ஏண்ணே, நீங்க செட்ட அணைச்சது நெசந்தானா?"

"நெசந்தாங்க," என்ற ஆரோக்கியசாமி என்னைக் காட்டினார். "அணைக்கச் சொன்னவருக்குத்தான் இப்பப் பொன்னாட போத்தியிருக்கீங்க."

தியேட்டரே சிரித்தது. நான் மைக்கை வாங்கி நடந்ததைச் சொன்னேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். குறித்த நேரத்தில் மட்டும் செட்டைப் போட்டுப் பேசிவிட்டு உடனே அணைத்துவிட வேண்டும். அதுதான் முறை. கீழே போய் ஆள் கூட்டிவரச் சொன்னது குழுத் தலைவரே. செட்டில் நானும் அதையே சொன்னேன். ஆரோக்கியசாமி ஆட்களோடு, அடித்துக்கொண்டிருந்த பனிப்புயலிலேயே திரும்ப ஏறினார். மிச்சம் பிடித்த பேட்டரியை வைத்துத்தான் என்னிடம் வழி கேட்டுக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது தலைவர் இறந்திருந்தார். உடலைச் சுமந்து வந்தவர்களில் ஆரோக்கியசாமியும் ஒருவர். படம் எடுக்கும் முன்பே இயக்குநரிடம் இவ்வளவையும் சொல்லியிருந்தேன்.

இயக்குநர் நெளிந்தார். "கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டுச்சு சார்."

"அதான் மலை இருந்துச்சே தம்பி. சம்பளம்கூடக் கேட்டிருக்காது," என்றேன்.

டிவியில் வரும்போது அந்தப் பாத்திரத்தின் பெயரை மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஆரோக்கியசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"பேரு இருந்துட்டுப் போகட்டுங்க. நான் திரும்ப ஏறுனதச் சேத்துருங்க."

இயக்குநர் தலையாட்டினார். செய்வாரா என்பது அவருக்கே தெரியாது. வெளியே வந்ததும் கீரனூர்க்காரர் ஆரோக்கியசாமியிடம், நாளைக்கு மகளை அனுப்பலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்டார். வண்டியை முதலில் நிறுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் ஓட்டவே விடுவேன், சம்மதமா என்றார் இவர்.

இளையவர்களுக்கு ஒன்று. உங்கள் வேலையைப் பற்றி யாராவது படம் எடுத்து, உங்களை மிக நல்லவராகக் காட்டியிருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த நல்லதனத்தை யாரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.