குறிப்பெடுக்கத்தக்கவர்

எங்கள் பல்கலைக்கழக வெளியீட்டுப் பிரிவில் என் மேசைக்கு அடுத்த மேசை ஒற்று சாருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்குகிறது. இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் எங்கே வர வேண்டும், எங்கே வரவே கூடாது என்பதுதான் அவருடைய உலகம். துணைவேந்தரின் உரையாக இருக்கட்டும், தண்ணீர்த் தொட்டியில் ஒட்டுகிற அறிவிப்பாக இருக்கட்டும், அவருடைய சிவப்பு மை படாமல் எங்கள் அறையை விட்டு வெளியே போகாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஊழியரிடம், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், இரண்டாவது வரியில் ஒரு 'ப்' விட்டுப்போயிருப்பதைச் சொன்ன மனிதர். அந்தப் பையன் இன்றுவரை அவரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

இருபத்தொன்பது வருடத்தில் தான் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு பிழைகூட வெளியே போனதில்லை என்று சொல்லிக்கொள்வார். கேட்காமலே சொல்வார். கேட்டுவிட்டால் இரண்டு தடவை சொல்வார். அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது நான்தான்.

பல்கலைக்கழகத்துக்கு எழுபத்தைந்து வயது நிறைவதையொட்டி ஒரு பெரிய புத்தகம் போடுவதாக முடிவாயிற்று. முப்பத்தெட்டுத் துறைகள், ஊர் அளவுக்கு ஆராய்ச்சிக்கூடங்கள், வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போகிற பேராசிரியர்கள் ஏழெட்டுப் பேர் என்று எங்களிடம் பீற்றிக்கொள்ள நிறையவே இருக்கிறது. புத்தகத்தில் முக்கியமான பகுதி ஆசிரியர்களைப் பற்றியது. யார் யாரைச் சேர்ப்பது என்று துறைகளிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். துணைப் பதிவாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "குறிப்பெடுத்துக்கோங்கம்மா. நம் பல்கலைக்கழகத்தின் குறிப்பிடத்தக்க ஆசிரியர்கள் யார் யார்? காரணத்துடன் எழுதி அனுப்பவும்" என்றார். குறிப்பெடுத்துக்கொள்ளச் சொன்னதும் குறிப்பிடத்தக்கதும் என் மண்டையில் எங்கேயோ ஒட்டிக்கொண்டன. 'குறிப்பெடுக்கத்தக்க ஆசிரியர்கள் யார் யார்?' என்று தட்டச்சு செய்து ஒற்று சாரிடம் நீட்டினேன். அவர் மூன்று முறை படித்தார், எப்போதும் மூன்று முறைதான். கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். சுற்றறிக்கை ஆயிரக்கணக்கில் பறந்தது.

துறைத்தலைவர்கள் வழக்கம்போல் படித்துப் பார்க்காமலே பதில் போட்டார்கள். யாருக்கு எத்தனை விருது, எத்தனை கட்டுரை என்று பட்டியல் வந்தது. பழைய மாணவர்கள்தான் பாவம், ஒழுங்காகப் படித்துத் தொலைத்தார்கள். யாருடைய வகுப்பில் குறிப்பெடுத்தால் பிரயோசனம் என்று கேட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்து, மனம்விட்டு எழுதினார்கள். வெறும் கடிதம் போதாதென்று நோட்டுப் புத்தகங்களையே பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் எங்கள் அறையில் கால் வைக்க இடமில்லை. அட்டை கிழிந்தது, காப்பி கொட்டினது, ஓரத்தில் யாருடைய பெயரையோ எழுதி அடித்தது என்று நூற்றுக்கணக்கில் நோட்டுகள். வேலையை விட்டுவிட்டு நாங்கள் அதையே உட்கார்ந்து படித்தோம். அவ்வளவு சந்தோஷமான மூன்று வாரம் அந்த அறையில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இருநூற்றுப் பதினேழு கடிதங்களில் ஒரே ஆள். மாணவர்கள் வைத்த பெயர் 'மறுபடியும் மேடம்'. இருபத்தாறு வருடமாக முதலாண்டுக் கணிதம் எடுக்கிற விரிவுரையாளர். விரிவுரையாளராகச் சேர்ந்து விரிவுரையாளராகவே இருப்பவர், ஏனென்றால் மொத்தமே இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைதான் எழுதியிருக்கிறார். பலகையில் ஒரு வரி எழுதுவார். திரும்பி, இருநூறு பேர் கையையும் பார்ப்பார். கடைசிப் பேனா நிற்கும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். யாராவது முழித்தால் "மறுபடியும்" என்று சொல்லி முதல் வரியிலிருந்து தொடங்குவார். இதனால் பாடம் ஒரு வருடம்கூட நேரத்துக்கு முடிந்ததில்லை, துறையில் வருடா வருடம் திட்டு. பாலம் கட்டுகிற பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார்: 'அவர் வகுப்பில் எழுதிய நோட்டை வைத்துத்தான் இப்போது என் மகள் படிக்கிறாள். பாடத்தில் குறையில்லையாம். என் கையெழுத்தைத்தான் திட்டுகிறாள்.'

இதில் ஒரே ஒரு சங்கடம். மறுபடியும் மேடம், ஒற்று சாரின் கூடப்பிறந்த தங்கை.

விஷயம் உடைந்தது நட்சத்திரக்காரரால். வானியல் பேராசிரியர் அவர். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை வெளியில் சொன்னால் அவரைத்தான் விசாரிப்பார்கள். புத்தகக் குழுவில் இருந்ததால், தனக்கு எத்தனை கடிதம் என்று பார்க்க ஒருநாள் எங்கள் அறைக்கு வந்தார்.

"ஒண்ணு சார்," என்றேன்.

"ஒண்ணா? எங்க, குடுங்க பாப்போம்."

'சார் வகுப்பில் எல்லாவற்றையும் குறிப்பெடுத்தேன். இன்றுவரை ஒன்றும் புரியவில்லை' என்று அதில் இருந்தது. மனிதர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையில் கிடந்த சுற்றறிக்கையை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, இதுல என்ன போட்டிருக்குன்னு யாராவது படிச்சீங்களா?"

ஒற்று சார் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒற்று சரியாத்தானே இருக்கு," என்றார். அதற்குப் பிறகுதான் எந்தச் சொல்லின் இடத்தில் எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் வளாகம் முழுக்கப் பேச்சு. அண்ணன்காரன் தங்கச்சிக்காக வார்த்தையை மாற்றிவிட்டான் என்றார்கள். இரண்டு நாளில் குழு கூடும் என்று பதிவாளர் அறிவித்தார். வேண்டுமென்றே செய்திருந்தால் ஒற்று சார் மேல் நடவடிக்கை, அந்தக் கடிதங்கள் செல்லாது. கவனக்குறைவு என்றால் சரியான சொல்லோடு புதுச் சுற்றறிக்கை, அப்போதும் அந்தக் கடிதங்கள் செல்லாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் தங்கைக்கு இடம் இல்லை. 

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தங்கையே வந்தார். கைப்பை, தோள், தலைமுடி எங்கும் சாக்பீஸ் தூள். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்தேன்.

அண்ணன் கடிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார். தங்கை ஒன்றைப் படித்தார். இன்னொன்று. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படித்தார்.

"உனக்கு இதெல்லாம் பெரிசில்லைன்னு தெரியும்மா," என்றார் ஒற்று சார். "நானே உன் பேரை எடுத்துடறேன்னு சொல்லிடறேன். விவகாரம் அதோட முடிஞ்சிடும்."

"பெரிசில்லைன்னு யாருண்ணா உங்கிட்ட சொன்னது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வருஷா வருஷம் ஆண்டு மலர் வரும். கடைசிப் பக்கத்துலயாவது இருக்கேனான்னு ஒரு தடவை புரட்டிப் பாத்துட்டுத்தான் அலமாரில வைப்பேன். அத்தனையும் நீதானே பிழை திருத்தறே? ஒருத்தி பேரு அதுல ஒரு தடவைகூட வரலேங்கறது உன் கண்ணுல படலியா?" கடிதக் கட்டை மேசையில் வைத்தார். "எனக்கு வேணும்ண்ணா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு வேணும்."

டப்பாவை மூடிவிட்டேன். மேடம் போன பிறகு, "சார், தட்டினது நான். நான் போய் சொல்லிடறேன்" என்றேன்.

"தட்டினது நீ. கையெழுத்து யாரோடது?" என்றார். அன்றைக்கு அவர் வேறு ஒரு தாளையும் தொடவில்லை.

குழுக் கூட்டத்துக்குக் கடிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் நானும் உள்ளே நுழைந்து சுவரோரம் நின்றுகொண்டேன். நடுவில் துணைவேந்தர் அம்மா, ஒரு பக்கம் நட்சத்திரக்காரர், எதிரே பதிவாளர். பதிவாளருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா?"

ஒற்று சார் எழுந்து நின்றார். கையில் சிவப்புப் பேனா, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நான்தான் அதை..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரும்மா," என்றார் திரும்பாமலே. பிறகு துணைவேந்தரைப் பார்த்துப் பேசினார். "அம்மா, நான் மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அந்த வார்த்தை கண்ணுல பட்டுது. படாம இல்ல. சரியா இருக்குன்னு தோணிச்சு, விட்டுட்டேன்."

"எப்படிங்க சரியா இருக்கும்?" என்று பதிவாளர் எகிறினார்.

"வாத்தியார்னா வேற என்னங்க? சொல்றதைக் கேட்டு நாலு பேர் எழுதி வெச்சுக்கணும். எழுதினது பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும் புரியணும். அதைத்தான் கேக்கறாங்கன்னு நினைச்சேன். தங்கச்சியை மனசுல வெச்சு நான் விடல. தப்புன்னு தெரிஞ்சிருந்தா தங்கச்சியாவது ஒண்ணாவது, அடிச்சுத் திருத்தியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப தப்புன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. ஒத்துக்கறேன். ஆனா என் கண்ணுக்கு இன்னும் அது தப்பாத் தெரிய மாட்டேங்குதும்மா. அதுக்கு நான் என்ன பண்றது?"

இருபத்தொன்பது வருடப் பெருமையை அவரே கையால் எடுத்து மேசையில் வைத்த மாதிரி இருந்தது.

நட்சத்திரக்காரர்தான் வாயைத் திறந்தார். "எனக்கு எப்படியும் ரெண்டு பக்கம் ஒதுக்குவீங்க, அது நம்ம எல்லாருக்கும் தெரியும். நான் கேக்கறது வேற. எங்கிட்ட ஆராய்ச்சிக்கு வர்ற பசங்க முதலாண்டுக் கணக்கு தெரிஞ்சு வர்றாங்களே, அது யாரால வந்துதுன்னு நான் ஒரு நாளும் விசாரிச்சதில்லை. இந்த அச்சுப்பிழைதான் விசாரிச்சிருக்கு."

துணைவேந்தர் அம்மா கடிதக் கட்டை அவிழ்த்து நாலைந்தைப் படித்தார். ஒரு நோட்டைப் புரட்டினார். "ரெண்டு பகுதியா போடுங்க," என்றார். "குறிப்பிடத்தக்கவர்கள் ஒண்ணு. குறிப்பெடுக்கத்தக்கவர்கள் ஒண்ணு."

"எது முதல்லம்மா?" என்றார் பதிவாளர், தோற்றவர் குரலில்.

"முதலாண்டு பாஸ் பண்ணாமயா ரெண்டாமாண்டு போவாங்க? குறிப்பெடுக்கத்தக்கவர்களே முதல்ல வரட்டும்."

பதிவாளரும் சும்மா விடவில்லை. கவனமாக இருக்கும்படி எச்சரித்து ஒற்று சாருக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். ஒற்று சார் வாசலிலேயே நின்று அதைப் படித்து, மூன்றாவது வரியில் ஒரு 'க்' சேர்த்து, அதன் பிறகு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் அவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடையா அது, ஓட்டம். முழங்கால் வலி என்று மாடிப்படிக்கு முன்னால் பெருமூச்சு விடுகிற மனிதர், கணிதக் கட்டடத்தின் இரண்டு மாடியை ஒரே மூச்சில் ஏறினார். நானும் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினேன். பெரிய விரிவுரைக் கூடத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். இருபத்தாறு வருடத்தில் தங்கையின் வகுப்புக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

மேடம் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பி, கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெஞ்சில் பேனா இல்லாமல் நான்கு கைகள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா? என்னாச்சுண்ணா?"

சட்டையில் ஒலிவாங்கி மாட்டியிருந்ததை மறந்துவிட்டார். கூடம் முழுக்க 'அண்ணா' என்று ஒலித்தது. இருநூறு தலைகள் திரும்பின. ஒற்று சார் பள்ளிப் பிள்ளையைப் போல எழுந்து நின்றார்.

"வந்துடுச்சும்மா," என்றார். "முதல் பகுதியிலேயே வருது."

மேடம் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு விறுவிறுவென்று அடுத்த வரியை எழுதினார். அதற்கடுத்ததையும் எழுதினார். யாருக்காகவும் நிற்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

"மேடம், அங்க மைனஸ் வரணும். பிளஸ் போட்டுட்டீங்க."

மேடம் தள்ளி நின்று பார்த்தார். கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் சாக்பீஸ் கோடு விழுந்திருந்தது. சிரித்துவிட்டார். "ஆமா, தப்புதான்."

"அப்ப நோட்டுல எதை மேடம் எழுதறது?"

"பிழை திருத்தறவர் பின்னாடி நிக்கறாரு. அவரையே கேளு."

இருநூறு பேரும் பேனாவைப் பிடித்தபடி திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒற்று சார் பலகையைப் பார்த்தார். சட்டைப்பையில் பேனாவைத் தொட்டார், அப்புறம் விட்டுவிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கப்பா," என்றார். "நல்லாத்தான் இருக்கு."