குருவித்தீவுக்காரர்

இன்று தேக்கா நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். தமிழர்தான். வழக்கம்போல் கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"குருவித்தீவு, தம்பி. நாகப்பட்டினத்துலேருந்து கப்பல்ல ரெண்டு நாள்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

1962-இல் நான் உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு. தாளில் தேங்காயெண்ணெய் தடவி அட்லஸ்மேல் வைத்தால் கீழே இருப்பது தெரியும். அப்படித்தான் உலக வரைபடம் வரைவோம். ஒருநாள் எண்ணெய் அட்லஸில் ஊறி, வங்காள விரிகுடாவில் குருவி வடிவத்தில் ஒரு கறை. அதையும் தீவென்று நினைத்து வரைந்துவிட்டேன்.

"இது என்னடா தீவு?" என்றார் வாத்தியார்.

பயத்தில், "குருவித்தீவு, சார்" என்று உளறினேன்.

"இல்லாத ஊரையெல்லாம் உண்டாக்காதே!" தாளைக் கிழித்துப் போட்டார். வெட்கத்தில் அந்தப் பெயரை அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

பெரியவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "அப்படி ஒரு ஊரே இல்லையேண்ணே."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார். "நல்ல ஊருதான் லா. கிணத்துத் தண்ணிதான் சரியில்ல. எவ்வளவு இறைச்சாலும் மேல தேங்காயெண்ணெய் மிதக்கும்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் வகுப்புத் தோழர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: உங்கள் அட்லஸில் எண்ணெய் எங்கெங்கே சிந்தியது?