பின்பக்கம் பார்க்கும் குமாஸ்தா

கனடாவில் இருக்கும் என் தங்கையின் விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டது. விண்ணப்பம் கெடு தாண்டிப் போயிருந்தது. "தாமதம் கனடாவிலதான்" என்று சாதித்தார் அதை அனுப்பும் பொறுப்பேற்றிருந்த எங்கள் திருப்பூர் வக்கீல்.

அவருடைய குமாஸ்தா முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். பனியனைத் திருப்பித் தையல் பார்ப்பதுபோல் எந்தத் தாளையும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார்.

நான் படியிறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். "தப்பு எங்க ஆபீஸ்லதானுங்க. அதை வக்கீல்கிட்ட எழுதி வாங்குங்க. ஃபைலையும் வாங்கிட்டு வேற வக்கீலைப் பாருங்க. அந்தக் கடுதாசியை வெச்சு மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கேக்கலாமுங்க."

சொந்த முதலாளியை ஏன் காட்டிக்கொடுக்கிறார்? சந்தேகத்தோடுதான் மறுநாள் வக்கீலிடம் கேட்டேன். பார் கவுன்சிலில் புகார் செய்வேன் என்றதும் வக்கீல் கடிதம் தந்தார். 'என் குமாஸ்தா அனுப்ப மறந்துவிட்டார்' என்றிருந்தது.

அதை டைப் அடித்து, திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டியவரும் அந்தக் குமாஸ்தாவேதான்.

உண்மையில் மறந்தது யார்? நானும் அந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.