கடைசிப் பக்கத்தில் என் பெயர்

அக்காவின் படத்தை இப்போது திறந்து வைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். இந்த ஜில்லாவில் பத்திரிகை நடத்திய முதல் பெண், எல்லைப் போராட்டக் காலத்துக் கவிஞர் என்று மைக் பிடித்துப் பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த பயத்தைப் பற்றி எவனும் வாய் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆந்திர மாநிலம் பிறந்த புதிது. திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று ஊரெல்லாம் சண்டை. அக்கா சித்தூர் மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் பத்திரிகை வேலை. பரீட்சைத் தாளின் பின்புறத்தில் கவிதை எழுதுவாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சாபீஸில் வாரம் ஒருமுறை எங்கள் தாளும் அச்சாகும். மிஷன் டீச்சர் அரசியல் எழுதினால் வேலை போய்விடும். அதனால் கடைசிப் பக்கத்தின் அடியில் ஆசிரியர், வெளியிடுபவர் என்று என் பெயரைப் போட்டாள்.

நான் சைக்கிள் கடை வைத்திருந்தவன். கவிதை என்றால் எனக்கு எரிச்சல்.

"ஏன்க்கா, போலீஸ் வந்தா என்னத்தானே புடிச்சிக்கினு போவான்?"

"போனா போ. அங்கயாவது ஒழுங்கா குளிக்கச் சொல்லுவாங்க."

அவளுக்கு எல்லாம் விளையாட்டு. கடை முன்னால் எந்த சைக்கிள் நின்றாலும் போலீஸோ என்று எழுந்து நிற்பேன். பஞ்சர் ஒட்டத்தான் வந்திருப்பான். அவன் வாயைத் திறந்து சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது.

அந்தச் சமயத்தில் ஸ்டேஷன் பலகை, கடைப் பலகை எல்லாவற்றிலும் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு எழுத்தின் மேல் இவன் பூசுவான், தமிழ் எழுத்தின் மேல் அவன் பூசுவான். அக்கா அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள். பலகையில் தார் பூசினவனே, உன் கையைக் காட்டு என்று தொடங்கும். எந்தக் கட்சியையும் அவள் விடவில்லை. தமிழ்க்காரன் அவளைத் துரோகி என்றான், தெலுங்குக்காரன் மதராஸ் கைக்கூலி என்றான். இரண்டு பேரும் என் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள்.

திருப்பதிக்குப் பத்திரிகைக் கட்டு கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுக் கடையில் போடுவது என் வேலை. அந்த வாரம் போகமாட்டேன் என்றேன்.

"சரி, நானே எடுத்துக்கினு போறேன்," என்று செருப்பை மாட்டினாள். கட்டைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பட்டப்பகல். மலைக்குப் போய்வருகிற கூட்டம் மொட்டைத் தலையும் மூட்டையுமாக நிற்கிறது. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவன் தடித்த ஆள், வெற்றிலை வாய். என் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினான்.

"ஏமிரா, நுவ்வேனா கவி? நீதான் எழுதறவனா? எங்க கை பாக்கணுமா உனுக்கு? இந்தா பாரு." உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக விரித்தான். சுத்தமாக இருந்தது. "இப்ப உன் கை காட்டுரா."

காட்டினேன். காட்டின பிறகுதான் எனக்கே உறைத்தது. சைக்கிள் செயினில் கிடக்கிற கை. நகக்கண் வரைக்கும் கறுப்பு.

"தாரு! தாரு பூசின நாயி இவன்தான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். முதுகில் ஒரு குத்து விழுந்தது. நான் குப்புற விழுந்தேன், உதடு கிழிந்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். தடியன் குனிந்து என் கையைப் பிடித்து முகர்ந்தான். பிறகு சிரித்தான்.

"தாரு காதுரா, கிரீஸு. இவன் கவி இல்ல, மெக்கானிக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான்: "அப்போ எழுதினது யாரு?"

அடியைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. அக்கா பள்ளிக்கூடத்தில் தனியாக இருப்பாள். வீட்டிலும் தனியாக இருப்பாள்.

"நான்தான்," என்றேன்.

"பாடு."

முதல் வரிக்கு மேல் எனக்குத் தெரியாது. நான் அதைப் படித்ததே இல்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. காட்டிக் கொடுக்காமல் நின்றேன் என்று பிற்பாடு புகழ்ந்தார்கள். அடப் போங்கய்யா. எனக்கு நாக்கே எழவில்லை.

கட்டை என் கையாலேயே கிழிக்க வைத்தான். கிழித்த தாளிலெல்லாம் என் விரல் கறுப்பு. சித்தூர் பஸ்ஸில் என்னைத் தள்ளிவிட்டு, "எழுதினவனுக்குச் சொல்லு, தேடிக்கினு வரோம்," என்றான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இனிமே உன் பேரு வேணாம். என் பேரு போட்டுக்கறேன்."

"பைத்தியமா உனுக்கு? தேடிக்கினு வரேன்றான்!"

"என்னத்தானே தேடறான்? வரட்டும். இல்லன்னா அட்ரஸ் தெரியாம உன்ன மாதிரி எவனையாவது அடிச்சிட்டுப் போவப் போறான்."

காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அடுத்த வாரம் கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அதன் கீழே எங்கள் வீட்டு விலாசமும் இருந்தது.

முதலில் வந்தவர் பள்ளி மேனேஜரான பாதிரியார்தான். பத்திரிகையா, பள்ளிக்கூடமா என்று கேட்டார். நாற்காலியில் அவர் சரியாக உட்காரும் முன்பே அக்கா பதில் சொல்லிவிட்டாள். அவருக்கு நான் கொடுத்த காபி மேசையிலேயே ஆறியது. அன்றோடு வேலை போயிற்று.

அந்தத் தடியன் வருவான் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். அக்கா காற்று வரவில்லை என்று திறந்து வைப்பாள்.

புதுக் கட்டோடு மறுபடியும் திருப்பதி போனேன். போகாவிட்டால் அவள் போவாள். கிளம்புமுன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்தேன். கறுப்பு போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையோரம் அவன் நின்றிருந்தான். ஒரு தாளை எடுத்தான். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினான்.

"ஆடதா? பொம்பளையா? யாரு இது?"

"என் அக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். படிக்க எடுத்துப் போனானா, விலாசத்துக்காக எடுத்துப் போனானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கூட்டத்தில் மறையும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.