பாலக்கரை வாய்க்காலில் வந்த பெருமாள்

வாய்க்காலில் என்னென்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களே, உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? தங்கமா கிடைக்கும்? கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். சிரித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

பாலக்கரைப் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கான்ட்ராக்ட் வேலை. ஏழு பெண்கள். கொக்கிக் கம்பால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவோம். கூடவே சாமி படங்கள் வரும். கண்ணாடி உடைந்த படத்தை வீட்டில் வைக்கக் கூடாதென்று ஊரே பாலத்திலிருந்து தண்ணீரில் விடும். குப்பையோடு சேர்க்க எங்களுக்கும் மனசு வராது. பாலத்தடியில் அடுக்கி வைத்தோம். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுப் படங்களையும் கொண்டுவந்து அங்கேயே வைத்தார்கள்.

ஒருநாள் காலையில் சூப்பர்வைசர் கத்தினார்.

"மத்தியானம் இன்ஜினியர் வர்றாரு. கரையில ஒரு படம் கிடந்தாலும் நாளைலேர்ந்து உங்க ஏழு பேருக்கும் வேலை கிடையாது!"

லாரி டிரைவர் கையை விரித்தார். "குப்பை லாரில சாமியை ஏத்த மாட்டேங்க. நானும் புள்ளகுட்டிக்காரன்."

கூட வேலை செய்த ராணிதான் சொன்னாள்: "அக்கா, பேசாம தண்ணியிலயே விட்டுருவோம். போய்க்கிட்டே இருக்கட்டும்."

விட்டோம். நானும் லேசுப்பட்டவளா? என் வீட்டிலும் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் படத்தில் கண்ணாடி விரிசல். அன்று அதைப் பையில் கொண்டு வந்திருந்தேன். கூட்டத்தோடு அவரையும் அனுப்பினேன். சட்டத்தின் மூலையில் என் வீட்டுக்காரர் கட்டிய நீல ஒயரோடு, படுத்தபடியே சுகமாகப் போனார்.

இன்ஜினியர் வந்தார். கரையைப் பார்த்தார். சந்தோஷப்பட்டார்.

"நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. சூப்பர்வைசர், நாளைக்கு அடுத்த பாலத்துக்கு இதே ஆளுங்களை அனுப்புங்க."

மறுநாள் அடுத்த பாலத்தில் கம்பைப் போட்டேன். தாமரையோடு நேற்று விட்ட சாமிகள் அத்தனை பேரும் வந்தார்கள். கடைசியில் நீல ஒயர்.

ராணி முழித்தாள். "அக்கா, இப்ப எடுக்குறதா, விடுறதா?"

எடுத்துக் கரையில் வைத்தால் வேலை போகும், தண்ணீரில் விட்டால் சாமிக்கு மரியாதை போகும். எது பாவம் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மற்ற படங்களின் சட்டங்களையும் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு, தாள்களை மட்டும் கரையில் குழி தோண்டிப் புதைத்தோம். பெருமாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுக் கண்ணாடி போட்டேன். நான் கற்றது அவ்வளவுதான்: உடைந்தது கண்ணாடி என்றால் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "இவரை வாய்க்கால்ல விட்டுட்டேன்னீங்களே?"

தெருவே கேட்கும்படி சொன்னேன்.

"விட்டேன்டி. ஒரே நாத்தமாம், திரும்பி வந்துட்டாரு. இனிமே யாரையும் அங்க அனுப்பாதீங்கன்னு கண்டிச்சுச் சொல்லச் சொன்னாரு!"