நாலு மணிக்கு மட்டும் காட்டுற வீடு

திருவொற்றியூர்ல நாங்க பேசி முடிச்ச ஃபிளாட்டை மூணு தடவை பார்த்தாச்சு. எல்லாத் தடவையும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான்.

"காலைல வரட்டா?"ன்னு கேட்டா புரோக்கர் விடமாட்டார். "வெயில்ல இன்னாத்துக்கு மேடம் பேஜாரு? நாலு மணிக்கு வாங்க, கடல் காத்து சும்மா அள்ளும்."

அள்ளத்தான் செஞ்சுது.

ஆனா லோனுக்காக வீட்டை மதிப்புப் போட வந்த பேங்க் இன்ஜினியரையும் அவரே வண்டில ஏத்தி, நாலு மணிக்குத்தான் கூட்டிட்டு வந்தார். அங்கதான் எனக்கு இடிச்சுது.

லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. பத்திரம் பதியறது மட்டும்தான் பாக்கி. இன்னிக்கு விடிஞ்சதும் யார்கிட்டயும் சொல்லாம அங்க போய் நின்னேன்.

கடல் காத்தைக் காணோம். மணலி ரிஃபைனரி பக்கத்துலேர்ந்து காத்து அடிக்குது, ஒரே கேஸ் வாடை. ராயபுரத்துல மீன் வாடையிலேயே வளர்ந்த மூக்கு என்னுது. அதுவே துப்பட்டாவைத் தேடுச்சு.

எதிர் ஃபிளாட் அக்கா ஜன்னலையெல்லாம் சாத்திகினு இருந்தாங்க. "காலைல எப்பவுமே இப்படித்தானாக்கா?"ன்னு கேட்டேன்.

"வூடு பாக்க வந்தியா? உன்னை நாலு மணிக்குத்தானே வரச் சொன்னான்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் அவன்தாம்மா காட்னான்."

வீடு திரும்பறதுக்குள்ள புரோக்கர் போன். "மேடம், பதிவுக்கு என்னிக்கு டோக்கன் போட்லாம்?"

"நாளைக்கு விடிஞ்சதும் அந்த ஹால்ல ரெண்டு பேரும் உக்காந்து ஒரு டீ குடிப்போம். அப்புறம் போடலாம்"னேன்.

அதுலேர்ந்து அவருக்கு டவர் கிடைக்கல.

சொந்த வீடு வாங்கினவங்க கொஞ்சம் சொல்லுங்க. நீங்கல்லாம் எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?